வெள்ளைவால் மானும் மறைப்புக் கூடாரமும்: விஸ்கான்சின் வில் வேட்டை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தரையில் நிறுத்திய மறைப்புக் கூடாரத்துக்குள் அமர்ந்து, முதிர்ந்த வெள்ளைவால் ஆண் மானை வில்லால் வேட்டையாட விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இந்தக் கூடாரத்தை அங்குள்ளவர்கள் பிளைண்ட் என்பார்கள். துப்பாக்கி வேட்டையும் மரப்பரணும் ஒப்பிட வேண்டிய இடங்களில் மட்டும் வருகின்றன.

முதிர்ந்த ஆண் மான் என்று எதைச் சொல்கிறார்கள்? கொம்பைப் பார்த்தால் வயது தெரிந்துவிடாதா?

நான்கரை வயதும் அதற்கு மேலும் ஆன ஆண் மானையே பெரும்பாலான வேட்டைக்காரர்கள் முதிர்ந்தது என்று கொள்கிறார்கள். மே இறுதியிலும் ஜூனிலும் குட்டிகள் பிறப்பதால், இலையுதிர்காலத்தில் பார்க்கும் எந்த மானுக்கும் வயது அரையில்தான் முடியும்.

கொம்பை வைத்து வயது சொல்வது நம்பத்தக்க வழியன்று. வெள்ளைவால் மானின் கொம்பு குளிர்காலத்தில் உதிர்ந்து, வசந்தத்தில் மறுபடி முளைத்து, செப்டம்பர் தொடக்கத்தில் மேல்தோல் உரிந்து கடினப்படுகிறது. அந்த ஆண்டின் தீனியும் பிறவிக் கூறும் அதன் அளவைப் பெரிதும் மாற்றிவிடும் என்பதால், சோளமும் சோயாவும் தின்று வளர்ந்த இரண்டரை வயது மான் ஒன்று, வடக்குக் காடுகளில் வளர்ந்த ஐந்தரை வயது மானைவிடப் பெரிய கொம்போடு நிற்கக்கூடும்.

பார்க்க வேண்டியது உடலை. இரண்டரை வயது மானுக்குக் கால்கள் நீண்டு, வயிறு ஒட்டி, கழுத்தும் தோளும் தனித்தனியே தெரியும். நான்கரை, ஐந்தரை வயதில் மார்பு ஆழமாக இறங்கி, வயிறு தொங்கி, நவம்பரில் கழுத்து வீங்கித் தோளோடு ஒன்றாகிவிடுவதால், கால்கள் உடலுக்குப் போதாதவை போலத் தோன்றும். பின்னங்கால் மூட்டின் உட்புறச் சுரப்பி மயிர் கருத்துப்போய்க் கறை கீழ்வரை வழிந்திருப்பதும் ஒரு துணைச் சான்று. உறுதியான விடை வேண்டுமென்றால், வேட்டைக்குப் பிறகு முன்பல்லை ஆய்வகத்துக்கு அனுப்பி, மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வேரில் படிந்திருக்கும் படலங்களை எண்ணச் சொல்ல வேண்டும். அம்பு விடுவதற்கு முன் உங்களிடம் இருப்பது கண்ணும் சில நொடிகளும்தான்.

சட்டப்படி என்னென்ன வேண்டும்?

வில் வேட்டைக்கான உரிமம் வேண்டும். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விச் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். வில்லின் இழுவிசை 30 பவுண்டுக்குக் குறையக்கூடாது. அம்பு முனையின் அலகுகள் கூர்மையாகவும் குறைந்தது 7/8 அங்குல அகலம் கொண்டவையாகவும் இருக்க வேண்டும். பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை நீள்கிறது. வில்லுக்கென்று தனிப் பருவம் அமெரிக்காவிலேயே முதன்முதலாக 1934இல் திறக்கப்பட்டதும் இந்த மாநிலத்தில்தான்.

புதியவர்கள் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. வில் உரிமத்தோடு கிடைப்பது ஒரே ஒரு கொம்பு மானுக்கான அனுமதி. அக்டோபர் முதல் வாரத்தில் ஆசைப்பட்டு இளைய மான் ஒன்றை வீழ்த்திவிட்டால், அந்த ஆண்டு வில்லோடு முதிர்ந்த ஆண் மானை எதிர்பார்த்து உட்காரும் உரிமை அங்கேயே தீர்ந்தது. விதிகள் ஆண்டுதோறும் மாறுபவை ஆகையால், மாநில இயற்கை வளத் துறை வெளியிடும் அந்தந்த ஆண்டின் விதிநூலைப் படித்த பின்னரே காட்டுக்குள் போக வேண்டும்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். இங்கே சொல்லப்படும் எதுவும் அங்கே பொருந்தாது.

மரப்பரண் இருக்கும்போது தரைக் கூடாரம் எதற்கு?

உயரத்தில் உட்கார்ந்தால் வாடை சற்று மேலே போகும், பார்வை தூரம் செல்லும் என்பதெல்லாம் உண்மை. ஆனால், பரணில் வில்லை இழுக்கும் அசைவை மறைக்க எதுவுமில்லை. கூடாரத்துக்குள் நான்கு பக்கமும் துணி இருப்பதால், பதினெட்டுக் கெஜத்தில் நிற்கும் மான் பாராமலே நாணை இழுத்துவிடலாம். பரண் கட்டத் தகுந்த மரம் இல்லாத வயலோரம், உயரம் ஒத்துக்கொள்ளாதவர், கூடவே குழந்தையை அழைத்து வருபவர், மழையிலும் கடுங்குளிரிலும் நாள் முழுதும் உட்கார நினைப்பவர் ஆகியோருக்குக் கூடாரமே ஏற்றது. பரணில் இருந்து விழுவது விஸ்கான்சினில் வேட்டை விபத்துகளில் முக்கியமான வகை என்பதையும் மறக்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. பார்வை சன்னலின் அளவுக்குச் சுருங்குகிறது. பக்கவாட்டில் இருந்து வரும் மான் சன்னலுக்கு நேரே வந்த பிறகே கண்ணில் படுகிறது. வாடை தரைமட்டத்தில், மானின் மூக்கு உயரத்திலேயே பரவுகிறது. கூடாரம் அசைவை மறைக்குமே தவிர வாடையை மறைக்காது. இந்த வேட்டையில் ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

கூடாரத்தை எப்போது, எங்கே நிறுத்த வேண்டும்?

வான்கோழிகள் திறந்த வெளியில் புதிதாக முளைத்த கூடாரத்தைப் பொருட்படுத்துவதில்லை என்று சொல்வார்கள். மான் அப்படியல்ல. தான் நாள்தோறும் நடக்கும் வழியில் நேற்று இல்லாத பொருள் இன்று இருந்தால், முதிர்ந்த ஆண் மான் நூறு கெஜத்திலேயே நின்று தலையை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு வேறு வழியில் போய்விடும். ஆகவே சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது. தனியார் நிலத்தில் இது எளிது. பொதுநிலத்தில் கூடாரத்தை இரவில் விட்டுச்செல்ல அனுமதி உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

முன்கூட்டியே நிறுத்த இயலாவிட்டால், கூடாரத்தைப் புதருக்குள்ளோ செடார் மர வரிசைக்குள்ளோ நன்றாகத் தள்ளி வைத்து, அந்த இடத்திலேயே வெட்டிய கிளைகளையும் புல்லையும் கூரையின் விளிம்பு மறையுமாறு செருக வேண்டும். காட்டில் நேர்கோடும் கூர்மையான மூலையும் அரிது. கண்ணை உறுத்துபவை அவைதான்.

இடத்தைப் பொறுத்தவரை, மாநிலத்தின் மேற்கில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய பஃபலோ கவுண்டியை (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) எடுத்துக்கொள்வோம். பனியாறுகள் மழித்துச் செல்லாத அந்தப் பகுதியில் செங்குத்தான மேடுகளும் அவற்றுக்கிடையே குறுகிய பள்ளத்தாக்குகளும் உள்ளன. மேட்டின் உச்சியில் வயல், சரிவில் ஓக் காடு, அடியில் ஓடை என்று நிலம் அமைந்திருக்கிறது. முதிர்ந்த ஆண் மான் பகலில் சரிவின் மேற்பகுதியில், பின்னாலிருந்து காற்று வரும்படியும் கீழே கண்ணால் காணும்படியும் படுத்திருக்கும். மாலையில் வயலுக்கு வரும்போதும் நேரே வயலில் இறங்காது. இருட்டும்வரை காட்டு ஓரத்துக்கு உள்ளேயே உலவும். ஆகவே வயலின் நட்டநடுவில் நிறுத்தும் கூடாரத்துக்கு முன்னால் பிணை மான்களும் (பெண் மான்களும்) இளைய ஆண் மான்களும் நிறைய வரும். தேடிவந்தது வெளிச்சத்தில் வராது. சரிவிலிருந்து வரும் வழி வயலின் உள்மூலையைத் தொடும் இடமே என் தேர்வாக இருக்கும்.

காற்றை எப்படிக் கணிப்பது?

படுக்கையிலிருந்து தீனிக்கு வரும் வழிக்குக் குறுக்காகக் காற்று வீசும் நாளில் மட்டும் அந்தக் கூடாரத்தில் உட்கார வேண்டும். ஒரே இடத்தில் எல்லா நாளும் உட்காருவதை விட்டு, வெவ்வேறு காற்றுக்கு இரண்டு மூன்று இடங்களை வைத்துக்கொள்வதே சரியான முறை.

மேடுபள்ளமான நிலத்தில் வானிலை அறிக்கை சொல்லும் திசை பாதி உண்மைதான். காலையில் வெயில் பட்டுச் சூடேறிய காற்று சரிவில் மேலேறும். மாலையில் குளிர்ந்த காற்று நீரைப் போலவே பள்ளம் நோக்கி வழியும். மதியம் மூன்று மணிக்கு வடமேற்குக் காற்று உங்களுக்கு வசதியாக வீசிக்கொண்டிருந்தாலும், வெயில் மறைந்து காற்று அடங்கியதும் உங்கள் வாடை முழுவதும் மெல்லக் கீழே இறங்கி, ஓடைக்கரையில் நிற்கும் மான்களுக்குப் போய்ச் சேரும். பள்ளத்தாக்கின் அடியில் காற்று சுழன்றுகொண்டே இருக்கும் என்பதால் அங்கே மாலையில் உட்காருவதை நான் பரிந்துரைப்பதில்லை. சிறு குப்பியில் பொடியோ எருக்கம் பஞ்சு போன்ற விதைப்பஞ்சோ வைத்துக்கொண்டு, சன்னல் வழியே அவ்வப்போது பறக்கவிட்டுப் பார்ப்பது எந்தக் கருவியையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

வாடை நீக்கும் திரவங்களும் ஓசோன் கருவிகளும் கடைகளில் ஏராளம். உடலைக் கழுவுவதும் துணியைத் தனியே வைப்பதும் கெடுதல் செய்யாது. ஆனால் காற்று தவறான பக்கம் வீசும் நாளில் அவற்றை நம்பி உட்காருவது பணத்துக்கும் நாளுக்கும் கேடு. புதுக் கூடாரத்தின் துணிக்கும் பூச்சு வாடை உண்டு என்பதால் வாங்கியவுடன் விரித்துச் சில வாரம் வெளியில் காயவிடுங்கள்.

கூடாரத்துக்குள் எதை எப்படி வைப்பது?

முதல் வேலை, தரையில் உள்ள சருகையும் குச்சியையும் வழித்து வெறும் மண்ணாக்குவது. ஒரு காய்ந்த ஓக் இலை காலடியில் நொறுங்கும் ஓசை, காற்றில்லாத நவம்பர்க் காலையில் முப்பது கெஜம் கேட்கும். அடுத்தது, கிரீச்சிடாத, உயரம் மாற்றக்கூடிய நாற்காலி. பின்பக்கச் சன்னல்கள் அனைத்தையும் மூடிவிட வேண்டும். பின்னால் வெளிச்சம் இருந்தால், உங்கள் உருவம் வெள்ளைத் திரையில் விழுந்த நிழலாகத் தெரியும். எதிர்ப்பக்கத்திலும் தேவையான அளவுக்கு மட்டும் திறந்தால் போதும்.

சன்னலின் கீழ்விளிம்பு குறித்து நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல வில்லாளிகளும் இதில் தவறுகிறார்கள். நாணில் உள்ள சிறு துளை வழியே, வில்லில் பொருத்திய குறிமுள்ளைப் பார்த்துக் குறிவைக்கிறோம். அந்தப் பார்வைக்கோட்டுக்கு மூன்று, நான்கு அங்குலம் கீழே அம்பு இருக்கிறது. கண்ணுக்குச் சன்னல் வழியே மான் முழுதாகத் தெரியும்; குறிமுள் விலாவில் சரியாக நிற்கும்; விட்ட அம்போ சன்னலின் கீழ்த்துணியைக் கிழித்துக்கொண்டு எங்கோ போகும். இதைத் தவிர்க்க, உட்கார்ந்து முழுமையாக இழுத்த நிலையில் உடன் ஒருவரை நிறுத்தி, அம்பின் முனை விளிம்புக்கு மேலே போதிய இடைவெளியோடு நிற்கிறதா என்று ஒவ்வொரு சன்னலிலும் பார்க்கச் சொல்லுங்கள். அம்பு நழுவினாலும் ஆபத்து நேராத திசையில் வில்லைப் பிடித்தே இதைச் செய்ய வேண்டும்; உடன் இருப்பவர் பக்கவாட்டில், வில்லுக்குப் பின்னால் நிற்க வேண்டும். வில்லின் கீழ்க்கை முழங்காலிலோ நாற்காலியிலோ இடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சில கூடாரங்களின் சன்னலில், அம்பு துளைத்துச் செல்லக்கூடிய வலை இருக்கும். அசையாத அலகு கொண்ட முனை அதைத் துளைத்துச் செல்லும். தாக்கும்போது விரியும் வகை முனை வலையிலேயே விரிந்து அம்பைத் திசைதிருப்பிவிடக்கூடும். அத்தகைய முனையை வைத்திருப்பவர் வலையைக் கழற்றிவிட வேண்டும்.

குளிருக்காக எரிவாயு அடுப்பு கொண்டுபோவோர் காற்றோட்டம் இல்லாமல் அதை எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாடையின்றிக் கொல்லும்.

என்ன நிற உடை அணிய வேண்டும்?

கூடாரத்துக்குள் கறுப்பு. இலைதழை அச்சிட்ட உடை வெளியில் உதவும். இருண்ட துணிச் சுவருக்கு முன் அதுவே வெளுத்துத் தெரியும். முகத்துக்கும் கைகளுக்கும் கறுப்பு மூடி தேவை. மானின் கண்ணில் இரண்டு வகை நிற உணர்வுக் கூம்புகளே உள்ளன. ஆரஞ்சும் சிவப்பும் அதற்குத் தனித்து எடுப்பாகத் தெரிவதில்லை. நீலம் நன்றாகத் தெரியும். ஜீன்ஸ் அணிந்து உட்காருவது, பளிச்சிடும் ஆரஞ்சுச் சட்டையைவிடக் கேடு.

அந்த ஆரஞ்சு வேறொரு காரணத்துக்காகக் கட்டாயமாகிறது. நன்றி நவிலும் நாளுக்கு (நவம்பரின் நான்காம் வியாழனுக்கு) முந்தைய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்தில், வில்லோடு போகிறவரும் பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை அணிய வேண்டும். மறைந்திருக்கும் கூடாரம் மற்ற வேட்டைக்காரர்களுக்கும் தெரியாது என்பதால், அதன் மேலும் அந்த நிறத் துணியை எல்லாப் பக்கமும் தெரியும்படி கட்டுங்கள்.

எந்த நாட்களில் வாய்ப்பு அதிகம்?

அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. பகல் நீளம் குறைவதே இணைசேரும் பருவத்தைத் தூண்டுகிறது என்பதால், வெயிலானாலும் பனியானாலும் நாட்காட்டி பெரிதாக மாறுவதில்லை. ஆண் மான் காலால் நிலத்தைக் கிளறி, மேலே தாழ்ந்து தொங்கும் கிளையை முகத்தால் உரசி, பின்னங்கால் சுரப்பிகள் வழியே சிறுநீர் விட்டுச் செல்லும் கிளறல்கள் அக்டோபர் இறுதியில் பெருகும். அவை பெரும்பாலும் இரவில்தான் பார்வையிடப்படுகின்றன. ஆகையால் கிளறலைக் கண்டவுடன் அதன் முன் கூடாரம் போடுவதில் பயன் குறைவு. பிணை மான்கள் படுக்கும் காட்டுத்துண்டுகளுக்கு இடையிலான ஒடுங்கிய வழியே நவம்பரின் முதல் பத்து நாட்களுக்குச் சிறந்தது. அந்நாட்களில் முற்பகல் பத்து, பதினொரு மணிக்கும் ஆண் மான் நடமாடும். காலை உணவுக்காக ஒன்பது மணிக்கே எழுந்து போகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

ஆண் மானின் குரலைப் போல ஒலிக்கும் உறுமல் குழலும், கொம்புகள் மோதுவதைப் போல எழுப்பும் ஓசையும் பயன்படுமா?

பயன்படும், ஆனால் அழைப்பைக் கேட்ட முதிர்ந்த மான் நேரே வராது. காற்று வீசிச் செல்லும் பக்கமாகச் சுற்றிவந்து மோந்து பார்த்த பின்னரே நெருங்கும். ஆகவே அந்தப் பக்கத்தில் மான் எளிதில் நடக்க முடியாத செங்குத்துச் சரிவோ குளமோ இருக்கும்படி இடத்தைத் தேர்ந்தால்தான் அழைப்பதில் பொருள் இருக்கிறது.

தீனி போட்டு வரவழைக்கலாமா?

மான்களின் நாட்பட்ட தேய்வு நோய் காரணமாக விஸ்கான்சினின் பெரும்பாலான கவுண்டிகளில் தீனி போடுவது தடை. அண்டை மாநிலமான அயோவாவிலும் தீனி போட்டு வேட்டையாடத் தடை. டெக்சாசில் அனுமதி உண்டு.

எவ்வளவு தொலைவில், எங்கே குறிவைப்பது?

பதினைந்து முதல் இருபத்தைந்து கெஜம் வரை. வில் விற்கும் கடைகளில் அறுபது கெஜம் பேசுவார்கள். கணக்கைப் பாருங்கள்: நொடிக்கு 280 அடி வேகத்தில் செல்லும் அம்பு முப்பது கெஜத்தைக் கடக்க ஏறத்தாழ 0.32 நொடி ஆகும். நாணின் ஓசையோ 0.08 நொடியில் மானைச் சேர்ந்துவிடும். மிச்சமுள்ள கால் நொடிக்குள், பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும் மான் சில அங்குலம் இறங்கிவிடலாம். அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது முதுகுத் தசையில் பட்டு விலங்கைத் துன்புறுத்தும். தலையை உயர்த்தி, காதை நிமிர்த்தி விறைத்து நிற்கும் மான் மீது இருபது கெஜத்திலும் அம்பு விட வேண்டாம்.

அம்பு, குண்டைப் போல அதிர்ச்சியால் கொல்வதில்லை, இரத்தப்போக்கால் கொல்கிறது. இரு நுரையீரல்களும் துளைபட வேண்டும். பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்கால் பின்கோட்டை ஒட்டி, உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. சற்றே விலகித் திரும்பி நிற்கும் மான் இதைவிடவும் நல்ல வாய்ப்பு. அம்பு எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கிப் போக வேண்டும். எதிர்முகமாகவோ நம்மை நோக்கிச் சாய்ந்தோ நிற்கும் மான் மீது அம்பு விடக்கூடாது. தோள் எலும்பும் வயிறும் குறுக்கே வரும். எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் இந்த விதிக்கு விலக்கில்லை. தரைமட்டத்தில் அம்பு கிடையாகப் பறக்கிறது என்பதால், மானுக்குப் பின்னால் வீடோ சாலையோ ஆளோ இல்லை என்பதும் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும்.

நாணை இழுக்கும் தருணம் மானின் தலை மரத்துக்குப் பின்னால் போகும்போது, அல்லது குனிந்து மறுபக்கம் திரும்பும்போது. கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லில் முழுதாக இழுத்த பின் கையில் தங்கும் எடை பெரிதும் குறைந்துவிடுவதால் சற்று நேரம் காத்திருக்கலாம். ஒரு நிமிடம் காத்தும் மான் திரும்பாவிட்டால், ஓசையின்றி நாணைத் தளர்த்தும் பயிற்சியும் தேவை. அதை யாரும் பழகுவதில்லை.

அம்பு பட்ட பிறகு உடனே போய்த் தேடலாமா?

கூடாது. மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட மரத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டு, அமைதியாகக் கேட்க வேண்டும். குறைந்தது அரை மணி கழித்து அம்பைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், பின்தொடரலாம். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். நான்கு முதல் ஆறு மணி நேரம் விட வேண்டும். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால், அல்லது மான் முதுகை வளைத்துக்கொண்டு மெல்ல நடந்து போயிருந்தால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். அவசரப்பட்டுக் கிளப்பினால் வலியோடு மைல் கணக்கில் ஓடி, இரத்தத் தடமும் நின்றுவிடும்.

தேய்வு நோய் உள்ள மானைச் சாப்பிடலாமா?

நோய் உறுதியான மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. 1967இல் கொலராடோவில் முதலில் அறியப்பட்ட இந்நோய், விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்டது. திரிந்த புரதத்தால் வருவது, சமைப்பதால் அழியாது. வயதான ஆண் மான்களிடமே இது அதிகம் காணப்படுகிறது என்பதால், மாநிலத்தின் தெற்குக் கவுண்டிகளில் முதிர்ந்த மானுக்காகக் காத்திருப்பவர் நோயுற்ற மானைப் பெறும் வாய்ப்பையும் சேர்த்தே ஏற்கிறார். மாநிலத் துறை கட்டணமின்றிச் சோதிக்கிறது. தலையைக் கழுத்தின் ஒரு பகுதியோடு அதற்கான பெட்டியில் இட்டுவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியே உறையவைக்க வேண்டும். கொம்பைச் சுவரில் மாட்ட விரும்புகிறவர் அதை முதலில் அறுத்து எடுத்துவிடலாம்.

வீழ்த்திய மானை எப்போது பதிவுசெய்ய வேண்டும்? இறைச்சியை விற்கலாமா?

கண்டெடுத்த மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவுசெய்ய வேண்டும். காட்டு மான் இறைச்சியை விற்கக் கூடாது. நண்பருக்குக் கொடுக்கலாம், நன்கொடைத் திட்டங்களில் பங்கேற்கும் கடையில் ஒப்படைக்கலாம். குடலை உடனே நீக்கி, வெயில் நாளானால் வயிற்றுக்குள் பனிக்கட்டிப் பைகளை வைத்து, உடல் சூடு வேகமாக இறங்கும்படி செய்யுங்கள். நவம்பரில் இரவு வெப்பம் 4 செல்சியசுக்குக் கீழே நிலைத்தால் தோலோடு தொங்கவிடலாம். செப்டம்பரில் வீழ்த்திய மானை அன்றே உரித்துக் குளிரூட்டுவதே சரி.